டிராஃப்டா, டிவிஷன் ஒன்றா, ஜூனியர் காலேஜா? பேஸ்பால் பையனின் பதினெட்டாம் வயதுக் கணக்கு

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளை இருக்கிற வீட்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் கோடை யாரையும் தூங்கவிடாது. ஜூலை நடுவில் மேஜர் லீக் டிராஃப்ட் நடக்கும்: தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி ஆட்டக்காரர்களை எடுக்கும். பெயர் வந்தால் அந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்து போட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். ஆகஸ்டில் கல்லூரி திறந்துவிடும். கோச், ஏஜென்ட், டிராவல் பால் (ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி) நடத்துபவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு யோசனை வைத்திருப்பார்கள்.

அந்த யோசனைகளில் பாதிக்கு மேல் பெயரைப் பற்றியவை. எந்தக் கல்லூரி, எந்த அணி, சட்டையில் என்ன எழுதியிருக்கும். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு ஒன்று: இரண்டாம் ஆண்டு மார்ச் மாதம், சீசன் சூடுபிடிக்கும்போது, இவன் மைதானத்தில் இருப்பானா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பேச வசதியாக ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளலாம். டெக்சாஸில் ஓர் அரசுப் பள்ளி. வலக்கை பிட்சர், அதாவது பந்து எறிபவன். ஆறடி இரண்டு அங்குலம், உடம்பு இன்னும் தேறவில்லை. பந்து மணிக்கு 89, 90 மைல், நல்ல நாளில் 92. மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் அந்த ஒரு மாநிலத்திலேயே நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். முடிவெடுக்கச் சிரமப்படுவதும் இவர்கள்தான். பெரிய நட்சத்திரங்களுக்கு யாருடைய யோசனையும் வேண்டியதில்லை. 2025 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஈலை வில்லிட்ஸ் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 17 வயதுப் பள்ளி மாணவன். வாஷிங்டன் நேஷனல்ஸ் கொடுத்தது 82 லட்சம் டாலர். அங்கே யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க வேண்டியது கீழே, பத்தாவது சுற்றுக்குப் பக்கத்தில். டிராஃப்ட் 2019 வரை 40 சுற்று நடந்தது. 2020-இல் கொரோனாவால் 5 சுற்று. 2021 முதல் 20 சுற்றுதான். அதே 2021-இல் மேஜர் லீக் அணிகளோடு இணைந்த, அவற்றுக்குக் கீழே ஆள் வளர்க்கும் மைனர் லீக் அணிகள் 160-இலிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டன. முன்பெல்லாம் "பையன் வளருவான், எடுத்துப் போட்டு வைப்போம்" என்று முப்பதாவது சுற்றில் பள்ளிப் பிள்ளைகளை எடுப்பார்கள். அந்தக் கடைசி வரிசை இப்போது இல்லை. எடுத்து வைத்தாலும் உட்காரவைக்க இடம் இல்லை. அதனால்தான் அணிகள் கல்லூரியில் மூன்று ஆண்டு ஆடிப் பழகியவனை அதிகம் விரும்புகின்றன. வளர்க்கும் செலவைக் கல்லூரி ஏற்கெனவே பார்த்துவிட்டதே.

ஆனாலும் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது சுற்று, ஒன்றரை லட்சம் டாலர். கேட்கும்போது பெரிய தொகை. வரி போக, ஏஜென்ட் பங்கு போகக் கையில் நிற்பதைப் பாருங்கள். சம்பளம் இப்போது பரவாயில்லை. 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபோது, அடிமட்டமான காம்ப்ளெக்ஸ் லீகில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 4,800 டாலராக இருந்தது 19,800 ஆனது. அதற்கு மேல் மட்டமான டபுள் ஏ-வில் 13,800 என்பது 30,250 ஆனது. முன்பிருந்த பட்டினிச் சம்பளம் போய்விட்டது. ஆனால் அணியின் பொறுமை அது போட்ட முதலைப் பொறுத்தது. முப்பது லட்சம் போட்டு எடுத்தவனுக்கு மூன்று ஆண்டு மோசமாகப் போனாலும் வாய்ப்புக் கிடைக்கும். ஒன்றரை லட்சம் போட்டு எடுத்தவனை இரண்டாம் வசந்தத்திலேயே வீட்டுக்கு அனுப்பினால் அணிக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

கையெழுத்து போட்டுவிட்டால் கல்லூரி பேஸ்பாலுக்குத் திரும்பி வர முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். படிக்கப் போகலாம். ஒப்பந்தத்திலேயே படிப்புச் செலவுக்கென்று ஒரு தொகை எழுதி வாங்குவது வழக்கம். அதை வற்புறுத்தி வாங்க வேண்டும், ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை.

வேண்டாம் என்று சொன்னவர்கள் கதை என்ன? பிட்சர் ஜெரிட் கோலை 2008-இல் நியூயார்க் யாங்கீஸ் 28-வது ஆளாக எடுத்தது. அவர் மறுத்துவிட்டு யு.சி.எல்.ஏ. போனார். மூன்று ஆண்டு கழித்து முதல் ஆளாகத் தேர்வாகி 80 லட்சம் டாலர் வாங்கினார். 2019 டிசம்பரில் அதே யாங்கீஸ் 32.4 கோடி டாலருக்கு அவரோடு ஒப்பந்தம் போட்டது. இதைச் சொல்லியே பல வீடுகளில் பையனைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். பிரேடி எய்க்கன் பெயரை அங்கே யாரும் எடுப்பதில்லை. 2014-இல் ஹூஸ்டன் அவரை முதல் ஆளாக எடுத்தது. முழங்கைப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தொகையைக் குறைத்தது. அவர் கையெழுத்து போடவில்லை. அடுத்த மார்ச்சில் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாரை மாற்றுவது). 2015-இல் கிளீவ்லாந்து 17-வது ஆளாக எடுத்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் குமார் ராக்கர். அம்மா வழியில் இந்திய வேர் உள்ளவர், அப்பா அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர். பெயரைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் பலர் முதன்முதலாகக் கல்லூரி பேஸ்பால் பார்த்தது இவருக்காகத்தான் இருக்கும். 2018-இல் பள்ளி முடித்தபோது 38-வது சுற்றில் கொலராடோ எடுத்தது. அவர் வேண்டர்பில்ட் போனார். 2019-இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது, மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. பிறகு எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத ட்ரை-சிட்டி வேலிகேட்ஸில் சில ஆட்டம். 2022-இல் டெக்சாஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. 2023-இல் டாமி ஜான். 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் முதல் ஆட்டம். கல்லூரிக்குப் போனது சரியா தவறா என்று இந்தக் கதையை வைத்துச் சொல்லிவிட முடியுமா? எனக்குச் சரி என்றுதான் தோன்றுகிறது. அடி மேல் அடி விழுந்தபோதெல்லாம் கையில் வேண்டர்பில்ட் ஆண்டுகள் இருந்தன.

அதனால் டிராஃப்டைப் பற்றி என் கோடு இது: பத்து லட்சம் டாலருக்குக் கீழே என்றால், படிக்கும் மனம் உள்ள பையன் கையெழுத்து போட வேண்டாம். வீட்டுக் கடன், பணமுடை என்று காரணம் இருந்தால் கணக்கு மாறும். வகுப்பறையை அடியோடு வெறுப்பவனுக்கும் மாறும்.

அடுத்தது டிவிஷன் ஒன்று: கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் மேல் பிரிவு. எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். கடந்த சில ஆண்டுகளில் அதிகம் மாறிப்போனதும் இதுதான்.

பழைய முறையில் ஒரு டிவிஷன் ஒன்று பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப். அதை 27 பேர் வரை பங்கு போடுவார்கள். வாங்குபவன் ஒவ்வொருவனுக்கும் கால் பங்காவது வேண்டும். அதாவது "ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், பெரும்பாலும் மீதிச் செலவு அப்பா தலையில் என்று பொருள். 2025 ஜூன் 6 அன்று, கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் 11.7 வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற தலைக்கணக்கு வந்தது. 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றால் கொடுப்பார்கள் என்றில்லை. பணமுள்ள தென்கிழக்குக் கல்லூரிகள் கொடுக்கும், மற்றவை பழைய கணக்கைத்தான் ஓட்டும். ஆனால் 34 என்ற கதவு அந்த ஏற்பாட்டில் சேர்ந்த எல்லாருக்கும் ஒரே அளவு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு ஆண்டு ஜிம்மில் உடம்பை ஏற்றி, மூன்றாம் ஆண்டு வெளிச்சத்துக்கு வரும் பையன்கள் முன்பு உண்டு. அந்தப் பொறுமைக்கு இப்போது இடம் சுருங்கிவிட்டது.

இதோடு போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இடம். 2018-இல் வந்தபோது வெறும் பதிவேடு. 2021-இல் ஒருமுறை மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-இல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. கோச்சின் இடத்தில் நின்று பாருங்கள். ஜூன் மாதம் போட்டியில் தோற்று வீடு திரும்புகிறார். அடுத்த ஆண்டு அவர் வேலை தங்க வேண்டும். போர்ட்டலைத் திறந்தால் வேறு கல்லூரியில் 80 இன்னிங்ஸ் எறிந்த 21 வயது ஆள் இருக்கிறான். மறுபக்கம் இன்னும் தேறாத 18 வயதுப் பையன். யாரை எடுப்பார்? பால் ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியில் கேட்ச் பிடித்துக்கொண்டும் பிட்ச் செய்துகொண்டும் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) வந்தார், 2023-இல் அந்த அணி கல்லூரி சாம்பியன் பட்டம் வென்றது, அவர் டிராஃப்டில் முதல் ஆளாகி 92 லட்சம் வாங்கினார். அந்தக் கோடைக்குப் பிறகு ஒவ்வொரு கோச்சும் தனக்கொரு ஸ்கீன்ஸைத் தேடுகிறார். நம் டெக்சாஸ் பையன் மறந்தே போகிறான்.

கோச் தங்குவாரா என்பது தனிக் கேள்வி. 2024 ஜூனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி சாம்பியன்ஷிப்பின் கடைசிப் போட்டி வரை போய் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே அதன் கோச் ஜிம் ஷ்லாஸ்நேகல் பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்த டென்னசியின் கோச் டோனி வைட்டெல்லோவும் 2025-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேனேஜராகக் கிளம்பினார். வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, "உங்க பையனை என் பையன் மாதிரி பார்த்துக்குவேன்" என்று சொன்னவர் அந்தச் சொல்லில் பொய் வைத்திருக்கத் தேவையில்லை. அவரும் வேலை மாறுபவர்தான். தலைமைக் கோச்சை விட பிட்சிங் கோச் யார், அவர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்று விசாரிப்பது பலன் தரும்.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "கமிட்" ஆன, அதாவது ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிட்ட, கூத்து அடங்கிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் ஒன்று கோச்சுகள் பிள்ளையோடு நேராக ரெக்ரூட்டிங் பேசக்கூடாது. அதனால் பதிமூன்று வயதில் ஷோகேஸுக்கு (கோச்சுகள் முன் ஆடிக் காட்டும் நிகழ்ச்சி) பணம் கொட்டுவதற்கு இப்போது காரணமே இல்லை. கொட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது ஜூனியர் காலேஜ். நம் வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். "ரெண்டு வருஷக் காலேஜா? இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டோம்?" சுருங்க வேண்டிய அவசியமே இல்லை. பேஸ்பாலில் ஜூனியர் காலேஜ் மதிப்பானது. ரோஜர் கிளெமன்ஸும் ஆண்டி பெட்டிட்டும் ஹூஸ்டன் பக்கத்து சான் ஜசின்ட்டோ கல்லூரியில் எறிந்தவர்கள். ஃபுளோரிடாவின் சிறிய ஊர்க் கல்லூரியான சிபோலாவிலிருந்து ஹோசே பவுட்டிஸ்டா, ரஸல் மார்ட்டின், பேட்ரிக் கார்பின் வந்தார்கள். கன்சாஸ் சிட்டியின் மேப்பிள் வுட்ஸில் ஓராண்டு ஆடிய ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999 டிராஃப்டில் 402-வது ஆள். 703 ஹோம் ரன்னோடு ஓய்வு பெற்றார். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளிப் படிப்பை இரண்டு ஆண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு சதர்ன் நெவாடா கல்லூரியில் சேர்ந்தார், மரக்கட்டை பேட்டால் 31 ஹோம் ரன் அடித்தார், 2010-இல் 17 வயதில் முதல் ஆளானார்.

ஏன் இவ்வளவு பேர் அந்த வழியில்? விதிதான் காரணம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது வரை, டிராஃப்டில் எடுக்க முடியாது. ஜூனியர் காலேஜில் ஒவ்வொரு ஆண்டும் எடுக்கலாம். பத்தாவது சுற்றுக்குப் பிறகு ஒருவனை எடுத்துவிட்டு, அவன் ஜூனியர் காலேஜில் ஓராண்டு ஆடுவதைப் பார்த்து, அடுத்த டிராஃப்டுக்கு முன் கையெழுத்து வாங்கும் பழைய முறையும் சில ஆண்டுகளாகத் திரும்ப வந்திருக்கிறது. நம் பையன் 90-இலிருந்து 94-க்குப் போனால், அதற்கு விலை அடுத்த ஜூலையிலேயே தெரிந்துவிடும்.

செலவு? கலிபோர்னியாவில் உள்ளூர்க்காரனுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். முழுநேரமாக 12 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 552. அங்கே ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, தேவையும் பெரிதாக இல்லை. மற்ற மாநிலங்களில், ஜூனியர் காலேஜ் விளையாட்டுச் சங்கமான என்.ஜே.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் அணிக்கு 24 ஸ்காலர்ஷிப் வரை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இவன் முதல் ஆண்டே மவுண்டில், பிட்சர் நின்று எறியும் மேட்டில், நிற்பான்.

குறையும் சொல்ல வேண்டும். நீண்ட பஸ் பயணம், சிறிய ஊர், சுமாரான விடுதி. படிப்பில் யாரும் கையைப் பிடித்து நடத்த மாட்டார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும்போது எல்லா கிரெடிட்டும் கூடவே வராது. பொறியியல் படிக்க நினைப்பவனுக்கு இது பெரிய இடி, ஓராண்டு வீணாகலாம். ஒருவன் ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. வைத்திருக்கும் ஆண்டுக் கணக்கில் ஜூனியர் காலேஜ் ஆண்டுகளும் சேருமா என்பதும் நீதிமன்றத்தில் கிடக்கும் விஷயம்: 2024 டிசம்பரில் டியேகோ பாவியா என்ற ஃபுட்பால் ஆட்டக்காரர் பெற்ற தடையுத்தரவுக்குப் பிறகு 2025-26க்கு மட்டும் அவரைப் போன்றவர்களுக்கு விலக்கு தந்தார்கள். அந்த விலக்கை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

டிவிஷன் இரண்டு (அணிக்கு 9 ஸ்காலர்ஷிப்), என்.சி.ஏ.ஏ.வில் சேராத கல்லூரிகளின் சங்கமான என்.ஏ.ஐ.ஏ. (12) இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, கோச் நல்லவராக இருந்தால், நல்ல இடங்கள். ஐ.எம்.ஜி. அகாடமி மாதிரி தனியார் விளையாட்டுப் பள்ளியில் ஒரு கூடுதல் பள்ளி ஆண்டுக்குப் பெரும் பணம் கட்டுவதை விட ஜூனியர் காலேஜ் எவ்வளவோ மேல்.

டிவிஷன் மூன்றும் ஐவி லீகும் வேறு உலகம். விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. ஆனால் மதிப்பெண் உள்ள பையனுக்கு அங்கே கோச் தருவது பணத்தை விடப் பெரியது. பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலையில் அவனுடைய மதிப்பெண்ணைச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி "இவன் தேறுவானா" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவார். ஹார்வர்ட், யேல் வாசலில் பல்லாயிரம் பேர் நிற்கும்போது இது சின்ன உதவியா? பணத்தை வருமானம் பார்த்து உதவித்தொகையாகத் தருவார்கள். நடுத்தர வீட்டுக்குக் கால் பங்கு ஸ்காலர்ஷிப்பை விட இது பல நேரம் அதிகமாகவே இருக்கும். இரண்டு இடத்துக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, கட்ட வேண்டிய மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இங்கிருந்து மேஜர் லீக் போக முடியாதா என்றால், ஃபெரம் என்ற டிவிஷன் மூன்று கல்லூரியில் எறிந்த பில்லி வாக்னர் 2025-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். அவர் மாதிரி ஆட்கள் மிக அரிது என்பதும் உண்மை. அங்கே போகிறவன் படிப்புக்காகப் போய், கூடவே நான்கு ஆண்டு ஆடுகிறான் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

எந்த வழியானாலும் பையன் கையோடு போய்ச் சேர வேண்டுமே. அலபாமாவின் ஏ.எஸ்.எம்.ஐ. விளையாட்டு மருத்துவ ஆய்வகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 மாதத்துக்கு மேல் போட்டியில் எறிந்த இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை வாய்ப்பு 5 மடங்கு. களைத்த கையோடு வழக்கமாக எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. மேஜர் லீகின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 17, 18 வயதுக்கு ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் கூடாது என்கிறது. ஆண்டில் 4 மாதம் போட்டிப் பந்துவீச்சே வேண்டாம் என்கிறது. ரேடாரில் 95 காட்டினால்தான் கோச் திரும்பிப் பார்ப்பார் என்ற அவசரத்தில் அக்டோபர் ஷோகேஸ், ஜனவரி ஷோகேஸ் என்று ஓடும் குடும்பங்கள் இந்த 4 மாதத்தைத்தான் முதலில் விழுங்குகின்றன. கல்லூரிக் கோச்சிடமும் இதைக் கேட்க வேண்டும்: போன சீசனில் உங்கள் அணியில் எத்தனை பிட்சருக்கு அறுவை சிகிச்சை நடந்தது? சிலர் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டுமே பதில்தான்.

அந்த டெக்சாஸ் பையனுக்கு வருவோம். பொறியியல், மருத்துவம் என்று மனதில் தெளிவாக இருந்தால் டிவிஷன் மூன்று அல்லது ஐவி. படிப்பு இன்னும் முடிவாகவில்லை, உடம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது, பேஸ்பாலை இன்னும் தூரம் துரத்த வேண்டும் என்றால் ஜூனியர் காலேஜ்; இன்றைய நிலையில் பெரிய டிவிஷன் ஒன்று அணியின் 31-வது ஆளாக இருப்பதை விட இது நல்லது என்பேன். நடுத்தர டிவிஷன் ஒன்று கல்லூரி ஒன்று, முதல் ஆண்டே எறியவிடும் இடமாக இருந்து, கட்ட வேண்டிய தொகையும் தாங்கும்படி இருந்தால் அதுதான் முதலிடம். இந்த மூன்றாவது வகை இருப்பது தெரியாமலே பலர் பெரிய பெயருக்குப் போகிறார்கள்.

எறியவிடுவார்களா என்று கண்டுபிடிக்கக் கோச்சின் வாக்குறுதி வேண்டாம். கல்லூரியின் இணையதளத்தில் மூன்று ஆண்டு முந்தைய ரோஸ்டரை (ஆட்டக்காரர் பட்டியலை) திறந்து, முதலாண்டு பிட்சர்களின் பெயரை மட்டும் தாளில் எழுதுங்கள். பிறகு இன்றைய ரோஸ்டரைத் திறந்து, அவர்களில் டிராஃப்டில் போனவர்களைத் தனியாக வைத்துவிட்டு, மிச்சப் பேரில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், போன சீசனில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் "முந்தைய கல்லூரி" என்று ஒரு பத்தி இருக்கும். அதில் வேறு கல்லூரிப் பெயர்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.